அசைந்தால்தான் ஆள்

சரிபார்ப்புப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்கள் வேலை செய்கிறார்களா, உட்கார்ந்தபடியே தூங்குகிறார்களா என்று பின்னாலிருந்து பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது. முன்னால் வந்து பார்க்க வேண்டும். அவர்கள் கண்மணி மட்டும் இடமிருந்து வலமாக ஊர்ந்து போய், அடுத்த வரிக்குத் தாவும். மற்றபடி ஆடாது, அசையாது. மாத்திரை டப்பாவுக்குள் எறும்பு எழுத்தில் ஒரு காகிதம் மடித்து வைத்திருப்பார்களே, நாமெல்லாம் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுவோமே, அதை அச்சுக்குப் போகுமுன் படித்துப் பிழை பார்ப்பதுதான் அவர்கள் வேலை. ஒரு புள்ளி விட்டுப்போனால் அரை மில்லி மருந்து ஐந்து மில்லி ஆகிவிடும். எங்கோ முகம் தெரியாத ஒரு குழந்தையின் வாயில் அது போகும். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை. அப்படிப் பார்க்கிறவர்களைக் காலை ஆட்டு, கையை ஆட்டு என்றால் எப்படி ஆட்டுவார்கள்?

அந்தப் பிரிவிலேயே கொஞ்சமும் அசையாதவள் சிலையக்கா. பெயர் வைத்தவள் எதிர் நாற்காலியில் இருக்கும் வானொலி. வானொலிக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று கேட்க வேண்டாம், அரை நிமிஷம் அவள் பக்கத்தில் நின்றால் யாருக்கும் தோன்றுகிற பெயர்தான். வேலையிலும் கெட்டிக்காரிதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒரு வரி படித்தால் ஒரு திரும்பல், ஒரு கதை, ஒரு சிரிப்பு. சிலையக்காவோ ஒரு பக்கத்தை எடுத்தால் முடிக்கும்வரை தலை நிமிர மாட்டாள். ஒருதரம் வெளியிலிருந்து புறா ஒன்று திறந்திருந்த ஜன்னல் வழியாக வந்து அவள் மேஜை விளிம்பில் உட்கார்ந்து, இறகைக் கோதிவிட்டு, நிதானமாகத் திரும்பிப் போனது. அவளுக்குத் தெரியவே தெரியாது. பிரிவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அந்த நாற்காலிக்கு அவள் சும்மா வந்துவிடவில்லை. வருஷக்கணக்கில் வீட்டிலிருந்தபடியே, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலிக்குப் படித்தவள். ஒரு கண் அடுப்பில், ஒரு கண் காகிதத்தில். மகள் அழுதால் எழுந்து ஓட வேண்டும், திரும்பி வந்து எந்த வரியில் விட்டோம் என்று தேட வேண்டும். காய்ச்சலில் படுத்தால் பக்கமும் கிடையாது, கூலியும் கிடையாது. அதையெல்லாம் தாண்டித்தான் நிரந்தர வேலை என்று ஒரு நாற்காலி கிடைத்தது, ஜன்னலுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு மூலையில். முதல் நாள் வீட்டுக்கு வந்து அவள் தன் வீட்டுக்காரரிடம் சொன்னது சம்பளத்தைப் பற்றி இல்லை. "அது சுத்துதுங்க" என்றாள், நாற்காலியைச் சொல்லி. சுற்றுகிற நாற்காலியைக் கொடுத்தும் அவள் ஒருநாளும் சுற்றவில்லை என்பது வேறு விஷயம்.

அவளுக்கு ஒரு தம்பி. அவள் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறான். பெரிய கம்பெனி ஒன்றில் இஞ்சினியராக இருந்துவிட்டு, இன்னொருவனுக்குக் கைகட்டி நிற்க முடியாது என்று உதறிவிட்டு வந்து, சொந்தமாகத் தொழில் தொடங்கினான். கம்பெனி என்று பெயர்தான் பெரிசு. அவன் ஒருவன், ஏணி பிடிக்க இரண்டு பேர். ஆளில்லாத இடத்தில் எரிகிற விளக்கைத் தானாக அணைய வைப்பது, ஜன்னல் வெளிச்சம் இருந்தால் மங்க வைப்பது, அதுதான் தொழில். தொழில் என்ன, பைத்தியம் என்றே சொல்லலாம். யார் வீட்டுக்குப் போனாலும் "சௌக்கியமா" என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு சுவிட்சை அணைத்துவிடுவான். அக்கா புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் விளக்கை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் போதும் மாமா என்பான். அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர், இருட்டில் இருந்து பழகியவர், ஒன்றும் சொல்லாமல் மீதிச் சோற்றைச் சாப்பிடுவார்.

அக்காவின் பிறந்தநாளுக்கு அவன் கொடுத்த பரிசும் அதுதான். வாசலில் ஒரு விளக்கு. யாராவது படி ஏறினால் தானாக எரியும், நடமாட்டம் இல்லாவிட்டால் தானாக அணைந்துவிடும். மற்ற தம்பிகள் புடவை வாங்கித் தருவார்கள், இவள் தம்பி வெளிச்சம் வாங்கித் தருகிறான் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள் சிலையக்கா. பேசாதவள் பேசினால் அது தம்பியைப் பற்றித்தான் இருக்கும்.

அலுவலக மேனேஜர் கட்டடத்தின் மின்சாரச் செலவைக் குறைக்க வழி தேடுகிறார் என்று தெரிந்ததும், அவள் நேரே அவர் அறைக்குப் போய்விட்டாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த அறைக்குள் கால் வைக்காதவள். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை சார் என்று ஆரம்பித்தாளாம். தம்பி என்பதற்காகத்தான் போனாள் என்பது அவருக்கும் தெரியும். கடைசியில் ஒரு மாடியில் மட்டும் பரீட்சை பார்ப்போம், மிச்சம் தெரிந்தால் முழுக் கட்டடமும் உங்கள் தம்பிக்கே என்று ஒப்புக்கொண்டார். எந்த மாடி என்று கேட்டபோது எங்கள் மாடியிலேயே வையுங்கள் என்று சொன்னவளும் இவள்தான். தானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

உத்தரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல சென்சார்கள் வந்து உட்கார்ந்தன. மேஜைக்கு ஒன்று. முதல் நாளே கூத்து ஆரம்பித்தது. பிழை பார்த்துக்கொண்டிருக்கும்போது பொத்தென்று தலைக்கு மேல் விளக்கு போய்விடும். கையைத் தூக்கி ஆட்டினால் வரும். மறுபடியும் நாலு வரி படித்தால் போய்விடும். அந்தப் பக்கமாகப் போன கணக்குப் பிரிவுக்காரர்கள் கதவருகே நின்று வேடிக்கை பார்த்தார்கள். பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் மாதிரி வரிசையாகக் கையாட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? வானொலிக்கு மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை. அவள் தலைக்கு மேல் விளக்கு அணைந்ததாகச் சரித்திரமே கிடையாது.

பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லாரும் பெரியவர் என்பார்கள். ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி. வேலையில் புலி, ஆனால் பாதி நாள் எதிர்ச்சாரி டீக்கடையில் பேப்பரும் கையுமாக இருப்பார். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மேஜையில் ஒரு சின்ன மின்விசிறியை வைத்து, அதன் முன்னால் வீணாய்ப் போன அச்சுத்தாளை நீளநீளமாகக் கிழித்துத் தொங்கவிட்டார். பக்கத்திலேயே வெந்நீர்க் குடுவை, மூடி திறந்து. காகிதம் ஆட, சூடும் கூடவே ஆட, சென்சார் ஏமாந்து போனது. பெரியவர் இருந்தாலும் விளக்கு எரியும், டீக்கடைக்குப் போனாலும் விளக்கு எரியும். அன்று சாயங்காலத்துக்குள் பிரிவு முழுக்க விசிறிகள் முளைத்துவிட்டன.

தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர்களிடம் காட்ட முடியுமா? வீட்டு மாடியிலிருந்து இறங்கி வந்து அக்காவிடம் காட்டினான். அவன் என்ன மிச்சம் பிடித்துக் காட்டுவது, இவர்கள் காகிதத்துக்கு விளக்கேற்றிக் கொண்டாடினால்? இந்த ஒரு மாடி ஊத்திக்கொண்டால் அவன் கடையை மூட வேண்டியதுதான் என்றான். சாப்பிடாமல் எழுந்து போகப் பார்த்தான். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

மறுநாள் அவள் எழுந்து நின்று பேசியதைப் பார்த்து வானொலிக்கே வாயடைத்துப் போனது. விசிறியை எல்லாம் எடுத்துவிடுங்கள், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், என் தம்பி முன்னுக்கு வர வேண்டியவன் என்று கேட்டுக்கொண்டாள். அப்போதுதான் வானொலி ஒரு கேள்வி கேட்டாள். விளக்கை அணைப்பது சரி, இந்தக் கிண்ணம் நம்மைப் பார்த்துக் குறித்துக்கொண்டு எங்காவது போய்ச் சொல்லுமா? நியாயமான கேள்விதான். பதில் சொல்லச் சிலையக்கா தம்பியையே கூட்டிக்கொண்டு வந்தாள்.

அவன் நடுவில் நின்று சிரித்த முகமாக விளக்கினான். அதற்குக் கண் கிடையாது, காது கிடையாது. ஆள் யார் என்று அதற்குத் தெரியாது. உடம்புச் சூடு நகர்ந்தால் விளக்கைப் போடும், நகராவிட்டால் அணைக்கும், அவ்வளவுதான் அதன் புத்தி. அப்புறம் அக்காவைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"என் அக்கா உக்கார்ற இடத்துலயே வெச்சிருக்கேன். தப்பான பொருளா இருந்தா வெப்பேனா?"

இதற்கு மேல் யார் என்ன கேட்பார்கள்? என் தம்பி பொய் சொல்ல மாட்டான் என்று அவளும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாள். விசிறிகள் இறங்கின. பெரியவர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இறக்கி, ஒரு வாரம் போனதும் சத்தமில்லாமல் மறுபடியும் ஏற்றிவிட்டார். அது தெரிந்தும் சிலையக்கா கண்டுகொள்ளவில்லை. வயதானவர், கண் மங்கலாகிக்கொண்டு வருகிறது, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

தன் விஷயத்தில் அவள் அப்படி விடவில்லை. ஒருநாள் மத்தியானம் தம்பி வந்து அவள் மேஜையோரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் விளக்கு அணைந்தது. ஸ்டூலில் இருந்த அவனைத் தூண் மறைத்தது, நாற்காலியில் இருந்த இவள் அசையவில்லை. அவள் பழக்கத்தில் கையைத் தூக்கப் போனாள். அவன் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே வைத்தான்.

"ஆட்டாதக்கா. ஜன்னல் வெளிச்சம் இருக்குல்ல? நீ உக்காந்திருக்கிறதே அதுக்குத் தெரியல பாரு. உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா நான் ஜெயிச்சேன்."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து அவள் கையை ஆட்டுவதே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் படித்தாள். மேகம் மூடிய நாட்களில் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தாள். கண் எரிந்தால் சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள். அடுத்த நாற்காலியில் இருந்தவர் முதுகுவலிக்காரர், வீட்டிலிருந்து மெத்தை கொண்டுவந்து போட்டு உட்காருகிறவர், அதனால் மெத்தைக்காரர். அவரும் ஆடாத மனிதர். அவரிடமும் சொல்லி, அவரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். தம்பியின் மிச்சத்தில் தன் பங்கும் இருக்கிறது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

மழைக்காலம் போய் வெயில் காலம் வந்ததும் பரீட்சை முடிந்தது. பிரிவில் இருந்த எல்லாரையும் அதே மாடியில் இருந்த பெரிய அறைக்குக் கூப்பிட்டார் மேனேஜர். சிலையக்கா அன்று நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். தம்பியைப் பாராட்டப் போகிறார்கள், நாலு பேர் கைதட்டப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். தம்பி முன்னால் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இவள் சிரித்தாள். அவன் ஒயரைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. சிரித்தபடியேதான் பேசினார். விளக்கில் மிச்சம் வந்திருக்கிறதாம், ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லையாம். ஏற்கெனவே இருந்ததெல்லாம் குறைவாக மின்சாரம் தின்னும் விளக்குகள், அணைத்தாலும் பெரிதாக என்ன மிஞ்சும்? ஆனால் தம்பி அருமையான ஒரு யோசனை சொன்னாராம். விளக்கு எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்பதெல்லாம் முதல் நாளிலிருந்தே சேர்ந்துகொண்டு வருகிறதே, அதை வைத்து எந்த நாற்காலியில் ஆள் இருக்கிறார், எதில் இல்லை என்று பார்த்துவிடலாமே. ஆளில்லாத நாற்காலிகளை எடுத்துவிட்டால் இடம் மிச்சம், விளக்கு மிச்சம், சம்பளமும் மிச்சம். முதல் நாளிலிருந்தே என்ற வார்த்தை சிலையக்காவின் காதில் அப்படியே நின்றுவிட்டது.

சுவரில் படம் விழுந்தது. மாடியை மேலிருந்து பார்க்கிற மாதிரி படம், நாற்காலிக்கு ஒரு கட்டம். ஆள் இருக்க இருக்கக் கட்டம் பச்சையாகும். வானொலியின் கட்டம் நல்ல பச்சை. அதைவிடப் பச்சை பெரியவருடையது. அந்தப் படத்தின்படி மொத்த மாடியிலும் அவரைப் போல நாற்காலியை விட்டு நகராத மனிதர் கிடையாது. டீக்கடைக்காரர் பார்த்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். மூலையில் இரண்டு கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தன. ஒன்று மெத்தைக்காரர். இன்னொன்று அவள்.

இந்த இரண்டு இடமும் இனி வேண்டாம், அந்த இரண்டு பேரும் வீட்டிலிருந்தே பக்கத்துக்கு இவ்வளவு என்று படித்துத் தரலாம் என்றார் மேனேஜர். தண்டனை இல்லை, ஏற்பாடுதான் என்றும் சொன்னார். வானொலிதான் முதலில் எழுந்தாள். அவங்க எழுந்திருச்சே நாங்க பார்த்ததில்லையே சார் என்று படபடவென்று ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார். வாசல் கதவில் தேய்த்த அடையாள அட்டைப்படி இந்த அம்மா உள்ளே வந்தது உண்மைதான், வந்த பிறகு எங்கே போகிறார், எங்கே உட்காருகிறார் என்பதைத் தோண்ட நான் விரும்பவில்லை என்றார் பெருந்தன்மையாக. பிரிவுத் தலைவி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செலவைக் குறைக்கத் தன் பிரிவிலிருந்து யாரோ இரண்டு பேரை அவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும், இந்தப் படம் அவருக்கு வசதியாகிப் போனது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்ன? திறக்கவில்லை.

சிலையக்காவுக்கு வேலை போகிறது என்பது கூட அந்த நேரத்தில் உறைக்கவில்லை. வந்துவிட்டு எங்கோ போய்விடுகிறவள், சம்பளத்துக்கு ஏமாற்றுகிறவள் என்று நாலு பேர் நடுவில் ஆகிவிட்டதே, அதுதான் உறைத்தது. பெரியவர் பக்கம் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பச்சைக் கட்டத்தைக் காட்டி, அது காகிதம் சார், மனிதர் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் படமே பொய் என்று ஆகிவிடும். ஆனால் ஓய்வு பெறும் வாசலில் நிற்கிற மனிதர் தலையில் கல் விழும். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் வேறு ஒருவன் அங்கே இருக்கிறானே. மூலையில் தூண் மறைப்பதும் அவனுக்குத் தெரியும், அசையாத ஆளை அந்தக் கிண்ணம் பார்க்காது என்பதும் அவனுக்குத் தெரியும். அவள் கையைப் பிடித்துக் கீழே வைத்தவனே அவன்தானே. அவள் எழுந்து அவனைப் பார்த்தாள்.

"தம்பி, நீ சொல்லு. நான் அங்க இருந்தேனா, இல்லையா?"

 அவன் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான், அப்புறம் மேனேஜரைப் பார்த்தான். முழுக் கட்டடமும் அவர் கையில் இருக்கிறது.

"சிஸ்டத்துல இருக்கிறததான் நான் சொல்ல முடியும், மேடம். ரெக்கார்டுல நீங்க இல்ல."

மேடமாம். கூடப் பிறந்தவளை, ஒரே தட்டில் சாப்பிட்டவளை, மேடம் என்றான். வானொலி கையில் வைத்திருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். சிலையக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கூட்டம் முடியும்வரை அசையவில்லை. அந்த அறையிலும் அவன் போட்ட சென்சார் இருந்தது. அவள் தலைக்கு மேலிருந்த விளக்கு மட்டும் அணைந்தது, யாரும் கையை ஆட்டவில்லை.

திரும்பி வந்ததும் மெத்தைக்காரர் தன் மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டினார். அவளிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பெரியவர் வந்து நின்றார், நான் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா அம்மா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். தெரிந்தவனே சொல்லாதபோது நீங்கள் எதற்கு என்றாள். அவர் போய்த் தன் விசிறியை அணைத்தார். காகிதங்கள் தொங்கிப்போயின. வானொலி அழுதுகொண்டே அவள் பையில் சொட்டு மருந்து, கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். நடுவில் கேட்கவும் கேட்டாள்:

"அவன் பொய் சொல்ல மாட்டான்னு நீதானே சொன்ன?"

ஆமாம், நான்தான் சொன்னேன் என்றாள் சிலையக்கா. வேறு என்ன சொல்வாள்? பொய் என்றுகூட அதைச் சொல்ல முடியவில்லையே. ரெக்கார்டில் அவள் இல்லைதான். ஒரு பொய்யும் சொல்லாமல் கழுத்தை அறுத்துவிட்டுப் போய்விட்டான் பாவி.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்காரருக்கு மத்தியான ஷிப்ட். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள், கதவை உள்பக்கம் தாழ் போட்டாள், கூடத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தக் கூலிக் காலத்தில் உட்கார்ந்து படித்த அதே மர நாற்காலி, சுற்றாத நாற்காலி. எதிரே அடுப்படி தெரிந்தது. நாளையிலிருந்து மறுபடியும் இங்கேதான், ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வயிற்றெரிச்சல்தான் வந்தது. விளக்கைப் போடவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசல் விளக்கு எரிந்தது. படியில் அவன் நின்றுகொண்டிருந்தான். ஜன்னல் திரை வழியாக அவளுக்கு அவன் தெரிந்தான், உள்ளே இருட்டானதால் அவனுக்கு அவள் தெரியவில்லை. கதவைத் தட்டினான்.

"அக்கா."

இப்போது அக்கா ஆகிவிட்டாள். அவள் அசையவில்லை. அவன் மறுபடியும் தட்டினான். அப்புறம் கதவிடம் பேச ஆரம்பித்தான். நிறையப் பேசினான். வெறும் விளக்கு மிச்சத்துக்கு ஒருவனும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான், வேறு ஏதாவது கூடக் கொடுத்தால்தான் காரியம் நடக்கிறது, அதனால்தான் அதைச் சொன்னேன் என்றான். அவள் நாற்காலி இப்படி வெள்ளையாக வரும் என்று ஆரம்பத்தில் நினைக்கவில்லை என்றான். தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது, அங்கே நின்று மூலையில் சென்சார் சரியில்லை என்று சொல்லியிருந்தால் எல்லாம் போயிருக்கும் என்றான். முழுக் கட்டடமும் கிடைத்துவிட்டது, இனி அவளுக்கு வேலையே வேண்டாம், தான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் அன்று அவனிடம் சொன்ன வார்த்தையே அது. அவன் வாயிலிருந்து கேட்டபோது அவளுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அசையவில்லை.

அவன் குனிந்து எதையோ பார்த்தான். குரல் மாறிப்போனது.

"உள்ளதான் இருக்க. எனக்குத் தெரியும்க்கா. செருப்பு கிடக்கு."

செருப்பைப் பார்த்தால் போதுமாக இருந்தது அவனுக்கு. அப்போது மட்டும் தெரிகிறது, அவள் இருக்கிறாள் என்று. சிலையக்கா கண் கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு பக்கத்தை எடுத்தால் கடைசி வரி வரைக்கும் பார்க்கிற மாதிரி.

அவன் போகவில்லை. கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து அப்படியே நின்றான். அழுகிறானா, யோசிக்கிறானா என்று தெரியவில்லை. ஆடாமல் அசையாமல் நின்றான். அவனே வாங்கிவந்து அவனே மாட்டிய விளக்கு, கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் அவன் தலைக்கு மேல் அணைந்துவிட்டது.

இருட்டில் அவன் ஒருமுறை அக்கா என்றான். பிறகு வேறு வழியில்லாமல் கையைத் தூக்கி ஆட்டினான். விளக்கு எரிந்தது. உள்ளே அவள் அசையவில்லை.